கைவேலைக் கேள்வி – பதில்: கைப்பையில் அடங்கும் குரோஷே அட்டைகள்

கேள்வி: நாள்தோறும் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் புகையிரதத்தில் வேலைக்குச் செல்கிறேன். காணொளிகளைப் பார்த்துக் குரோஷே என்னும் கொக்கி ஊசிப் பின்னலைப் பழகினேன். கை ஓடுகிறது, ஆனால் பின்னல்களின் பெயரும் கண்ணிக் கணக்கும் மறுநாள் மறந்துபோகின்றன. ஓர் அட்டைக்கு ஒரு பின்னல் என்று அச்சிட்டு, வளையத்தில் கோத்த தொகுதிகள் விற்கப்படுவதாகத் தோழி கூறினார். அவற்றை வாங்குவதா, நானே எழுதிக்கொள்வதா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அச்சிட்ட தொகுதிகளில் படங்கள் தெளிவாக இருக்கும் என்பது உண்மைதான். எனினும் கப்பலேறி வந்த விலையைக் கொடுத்து வாங்கிய பின்னரும், உங்கள் நூலிலும் உங்கள் ஊசியிலும் அந்தப் பின்னல் எப்படி அமையும் என்பதை அவை சொல்லப்போவதில்லை.

எந்த அட்டையும் கையசைவைக் கற்பிக்காது. நூலை விரல்களுக்கிடையே எவ்வளவு இறுக்கமாக ஓடவிடுவது, கண்ணியின் எந்த இழைக்குக் கீழே ஊசியை நுழைப்பது என்பவற்றை ஒருவர் செய்துகாட்டத்தான் வேண்டும். அந்தக் கட்டத்தை நீங்கள் கடந்துவிட்டீர்கள். சங்கிலி, ஸ்லிப், சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள் ஆகிய அடிப்படைக் கண்ணிகள் ஐந்தும் கைக்கு வந்துவிட்டால், நாம் அழகென்று பார்க்கும் பின்னல்களில் மிகப் பெரும்பாலானவை அவற்றின் சேர்க்கைகளே. எதை, எந்தக் கண்ணியில், எத்தனை தடவை என்பதே மாறுகிறது. நினைவில் நிற்காத அந்தச் சேர்க்கையைத்தான் அட்டை தாங்க வேண்டும்.

ஏ4 அளவுள்ள தடித்த தாளை நான்காக வெட்டினால் 105 × 148 மில்லிமீற்றர் அட்டைகள் கிடைக்கும். கைப்பைக்கு அதுவே போதும். முன்பக்கத்தில் பெயர், குறியீட்டுப் படம், கண்ணிப் பெருக்கம் (பின்னல் முழுமையாக அமைய எந்த எண்ணின் மடங்கில் கண்ணிகள் வேண்டும் என்ற கணக்கு) ஆகியவற்றையும், பின்பக்கத்தில் வரிசை வரிசையாகச் செய்முறையையும் எழுதுங்கள். பலர் எழுதாமல் விடுவதும், புகையிரதத்தில் முதலில் தேவைப்படுவதும் கண்ணிப் பெருக்கமே. சிப்பிப் பின்னலை எடுத்துக்கொள்வோம்: ஒரு சிங்கிள், இரண்டு கண்ணிகளை விட்டு அடுத்ததில் ஐந்து டபுள், மீண்டும் இரண்டை விட்டு ஒரு சிங்கிள். இது ஆறின் பெருக்கமும் மேலே ஒன்றும். பத்துச் சிப்பிகள் வேண்டுமானால் 61 கண்ணிகள் தேவை. முதற் சிங்கிளை ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் போடுவதால் அடிச்சங்கிலி 62 ஆகும். “6 + 1” என்று அட்டையின் மூலையில் பெரிதாக எழுதிவைத்தால், பாதி வழியில் பிரித்துக் கட்ட நேராது.

குறியீடுகளைப் பழகிக்கொள்ளுங்கள். நீள்வட்டம் சங்கிலி, கறுத்த புள்ளி ஸ்லிப், பெருக்கல் அல்லது கூட்டல் அடையாளம் சிங்கிள், ஆங்கில ‘ரீ’ (T) எழுத்தைப் போன்றது ஹாஃப் டபுள், அதன் தண்டில் ஒரு குறுக்குக் கோடு இருந்தால் டபுள், இரண்டு இருந்தால் டபுளைவிட உயரமான ட்ரெபிள். இவற்றைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. குறியீடுகளின் அடிகள் ஓரிடத்தில் கூடினால் அவை அனைத்தும் ஒரே கண்ணியில் போடப்படுகின்றன. தலைகள் ஓரிடத்தில் கூடினால் அவை இறுதியில் ஒன்றாக இழுத்து முடிக்கப்படுகின்றன. இந்த விதி தெரிந்தவருக்கு, வரைபடங்களையே பெரிதும் நம்பும் ஜப்பானியப் பின்னல் புத்தகங்கள்கூட, மொழி தெரியாமலே, ஓரளவு வசப்படும்.

அட்டையின் அருமை ஒத்த தோற்றமுள்ள பின்னல்களில் தெரியும். பொப்கோர்ன், பொபிள், பஃப் மூன்றும் துணியின்மேல் புடைத்து நிற்பவை. காணொளியில் தனித்தனியே பார்க்கும்போது மூன்றும் ஒன்றே போலிருக்கும். ஐந்து டபுள்களை ஒரே கண்ணியில் முழுமையாக முடித்து, ஊசியை உருவி, முதல் டபுளின் தலையில் நுழைத்து, விட்ட வளையத்தை அதனூடாக இழுப்பது பொப்கோர்ன். டபுள்களின் கடைசி இழுப்பை நிறுத்திவைத்து, இறுதியில் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் முடிப்பது பொபிள். நூலைச் சுற்றி நீண்ட வளையங்களாக மாத்திரம் இழுத்துச் சேர்த்து மூடுவது பஃப். மூன்று அட்டைகளையும் மடியில் அருகருகே வைத்துப் பாருங்கள். வேறுபாடு உடனே விளங்கும்.

முதல் அட்டையை எந்தப் பின்னலுக்கும் கொடுக்காமல், வரிசை திரும்பும்போது போடவேண்டிய சங்கிலிகளுக்கு ஒதுக்குங்கள்: சிங்கிளுக்கு 1, ஹாஃப் டபுளுக்கு 2, டபுளுக்கு 3, ட்ரெபிளுக்கு 4.

கேள்வி: அம்மா கன்னியர் மடப் பாடசாலையில் குரோஷே கற்றவர். அவருடைய பழைய புத்தகத்தில் உள்ளபடி டபுள் பின்னினால் கண்ணி குட்டையாகவும், நான் வாங்கிய அட்டையின்படி பின்னினால் உயரமாகவும் வருகிறது. எது சரி?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டும் சரி. அம்மாவின் புத்தகம் பிரித்தானிய முறையிலும், உங்கள் அட்டை அமெரிக்க முறையிலும் எழுதப்பட்டிருக்கின்றன. பிரித்தானிய டபுள் அமெரிக்கருக்குச் சிங்கிள். பிரித்தானிய ஹாஃப் ட்ரெபிள் அவர்களுக்கு ஹாஃப் டபுள். பிரித்தானிய ட்ரெபிள் அவர்களுக்கு டபுள். இன்றைய பிரித்தானிய முறையில் சிங்கிள் என்ற பெயரே வழக்கில் இல்லை. ஆகையால் ஓர் அட்டையில் அந்தச் சொல்லைக் கண்டால் அது அமெரிக்க முறை என்று கொள்ளலாம். இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதும் அமெரிக்க முறையே. குறியீடு இரு முறைகளுக்கும் பொதுவானது என்பதால், பெயருக்கு அருகில் அதை வரைந்துவைத்தால் அம்மாவும் நீங்களும் ஒரே அட்டையைப் பயன்படுத்தலாம்.

ஊசி எண்ணிலும் இதே சிக்கல் இருக்கிறது. பழைய பிரித்தானிய எண் கூடக்கூட ஊசி மெலியும்: 8ஆம் எண் 4 மில்லிமீற்றர், 6ஆம் எண் 5 மில்லிமீற்றர். அட்டையில் மில்லிமீற்றரை மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: பிறக்கவிருக்கும் பேரக்குழந்தைக்குப் போர்வை பின்ன விரும்புகிறேன். என்னிடம் ஒரு கட்டு அட்டைகள் இருக்கின்றன. எல்லாமே அழகாகத் தெரிகின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது?
— வாசகி, தெஹிவளை

பதில்: அழகைச் சற்று ஒதுக்கிவிட்டு, அட்டைகளை இடைவெளியின்படி பிரியுங்கள். சிஃபன் சால்வை போன்ற மெல்லிய வேலைக்கு ஏற்ற பெரிய துளைப் பின்னல்களைத் தனியே வையுங்கள். குழந்தையின் விரல்கள் அவற்றில் மாட்டிக்கொள்ளும். பொப்கோர்ன் போன்ற புடைப்புகளும், கீழ்வரிசைக் கண்ணியின் தண்டைச் சுற்றிப் போடும் போஸ்ட் பின்னல்களும் நூலைத் தின்பவை. நம் கொழும்பு வெக்கைக்குப் பருத்தி நூல்தான் பொருத்தம், அதுவோ இயல்பிலேயே கனமானது, எனவே அவையும் விலகட்டும். வெறும் சிங்கிள் பைக்கும் பொம்மைக்கும் நல்லது, போர்வைக்கு விறைப்பானது. எஞ்சுவனவற்றுள் நான் எடுப்பது மொஸ் அல்லது லினன் எனப்படும் பின்னலை: ஒரு சிங்கிள், ஒரு சங்கிலி, ஒரு கண்ணியை விடுதல், அடுத்த வரிசையில் சிங்கிள்கள் சங்கிலியால் ஆன இடைவெளிகளில் விழும். துளை சிறியது, துணியும் நன்றாகத் துவளும்.

முடிவு செய்யுமுன் 15 சென்ரிமீற்றர் சதுரமான மாதிரித் துண்டொன்றைப் பின்னி, துவைத்து உலர்த்தி, நடுவில் 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண்ணிகள் என்று எண்ணுங்கள். துவைக்காமல் அளந்தால் பருத்தி பிறகு சுருங்கி ஏமாற்றும். 16 கண்ணிகள் வந்தால், 75 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 120. ஓரத்தில் சிப்பி வரிசை வேண்டுமென்றால் இங்குதான் அட்டையின் மூலையிலுள்ள எண் உதவுகிறது: மொஸ் 2 + 1, சிப்பி 6 + 1, ஆகவே 121 கண்ணிகள் இரண்டுக்கும் பொருந்தும். 4 + 1 பெருக்கமுள்ள இன்னொரு பின்னலைச் சேர்க்க நினைத்தாலும் 2, 4, 6 மூன்றுக்கும் பொதுவான 12 + 1 என்ற கணக்கில் அதே 121 போதும். நூலின் பெயரையும் ஊசியின் அளவையும் அந்த அட்டையிலேயே பென்சிலால் குறித்துவையுங்கள். புறக்கோட்டைக் கடையில் அடுத்த நூலைத் தேர்ந்தெடுக்கும்போது கையிலிருக்கும்.

கேள்வி: மழைக்காலத்தில் அட்டைகள் சுருண்டு, பூஞ்சணமும் பிடிக்கின்றன. லமினேட் செய்தும் பயனில்லை.
— வாசகர், மட்டக்குளி

பதில்: லமினேட் செய்த பின் துளையிட்டிருப்பீர்கள், ஈரம் அந்தத் துளை வழியாகத்தான் தாளுக்குள் போகிறது. முதலில் தாளில் பெரிய துளையிட்டு, பின் லமினேட் செய்து, அதன் நடுவே சிறிய துளையிட்டால் விளிம்பு மூடியபடி இருக்கும். பின்னிப் பார்த்த மாதிரித் துண்டை அட்டையோடு சேர்த்து லமினேட்டுக்குள் வைக்க வேண்டாம். அதைத் தொட்டுப் பார்க்க முடியாவிட்டால் வைத்திருந்து என்ன பயன்?

கேள்வி: மகள் இடக்கைப் பழக்கமுள்ளவள். அவளுக்குத் தனி அட்டைகள் வேண்டுமா?
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. முன்பக்க வரிசைகளை வலக்கையர் வலமிருந்து இடமாகவும், வட்டப் பின்னலை இடஞ்சுழியாகவும் வாசிக்கிறார்கள். மகள் இரண்டையும் மறுபக்கமாக வாசித்தால் சரி. சிப்பியும் மொஸ்ஸும் இரு பக்கமும் ஒத்தவை என்பதால் வேறுபாடே தெரியாது. சாய்வாகவோ குறுக்காகவோ செல்லும் பின்னல்களின் அட்டைகளை மட்டும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, இடவலம் திருப்பி அச்செடுத்துக் கொடுங்கள்.