190 ரூபாய் எங்கே போகிறது? தமிழ்த் திரைத்துறை குறித்த கேள்வி பதில்

திருச்சி, தஞ்சாவூர் விநியோகப் பகுதியில் இருபத்தெட்டு ஆண்டுகள் படக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். தமிழ்த் திரைத்துறையின் பொருளாதாரத்தையும் பண்பாட்டுத் தாக்கத்தையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

திருப்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ஐயா, "நூறு கோடி வசூல்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த நூறு கோடியும் தயாரிப்பாளருக்குத்தான் போகிறதா?

இல்லை. விளம்பரத்தில் வரும் தொகை பெரும்பாலும் டிக்கெட் விற்பனையின் மொத்தத் தொகை. வரியும் அதற்குள் அடங்கும். ஒரே ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொண்டால் கணக்கு எளிதில் விளங்கும். 2017 அக்டோபரில் தமிழக அரசு கட்டணத்தைத் திருத்திய பிறகு, மல்டிபிளக்ஸ் அரங்குகளின் உச்சக் கட்டணம் வரி நீங்கலாக 150 ரூபாய். அதே ஆண்டு வந்த உள்ளாட்சிக் கேளிக்கை வரி, திரைத்துறையினரின் போராட்டத்துக்குப் பிறகு புதிய தமிழ்ப் படங்களுக்கு 8 விழுக்காடாகி, 2025 வரை அப்படியே இருந்தது. அது 12 ரூபாய். 2019 ஜனவரியில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்ட ஜிஎஸ்டி 27 ரூபாய். எல்லாம் சேர்ந்து 189. சென்னைவாசிகளுக்குப் பழகிப்போன அந்த 190 ரூபாய் டிக்கெட் இப்படிப் பிறந்ததுதான்.

வரி போக மிஞ்சும் 150 ரூபாயை அரங்க உரிமையாளரும் விநியோகஸ்தரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். முதல் வாரத்தில் விநியோகஸ்தர் பக்கம் கூடுதலாகவும், வாரம் செல்லச் செல்ல அரங்கத்தின் பக்கம் கூடுதலாகவும் பங்கு மாறும். அறுபது விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் விநியோகஸ்தர் கைக்கு வருவது 90 ரூபாய். அதில் விளம்பரச் செலவும் அவருடைய கமிஷனும் கழிந்த பிறகே தயாரிப்பாளர். ஆக, இந்தக் கணக்கின்படி நூறு கோடி வசூலில் நாற்பது கோடிக்கு மேல் அவருக்குத் தேறினால் அது நல்ல வியாபாரம். அந்த நாற்பதையும் படம் எடுக்கும்போதே வாங்கிய கடனும் வட்டியும் வாசலில் நின்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். 1998-இல் மத்திய அரசு திரைத்துறைக்குத் தொழில் என்ற தகுதியை அளித்தது. இருந்தும் சாதாரணத் தமிழ்ப் படத் தயாரிப்பாளர் இன்றும் வங்கிக்குப் போவதில்லை, ஃபைனான்சியரிடம்தான் போகிறார்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்: என்எஸ்சி, டிடி, எம்ஆர் என்று படவியாபாரச் செய்திகளில் வருகிறதே, இவை என்ன? எம்ஜி என்பது எம்.ஜி.ஆரையா?

உங்கள் ஊரே டிடி பகுதியில்தான் இருக்கிறது: திருச்சி, தஞ்சாவூர். என்எஸ்சி என்பது வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. எம்ஆர் என்றால் மதுரை, ராமநாதபுரம்; டிகே என்றால் திருநெல்வேலி, கன்னியாகுமரி. இவற்றோடு சென்னை நகரம், கோவை, சேலம் ஆகியவை தனித்தனிப் பகுதிகள். வட ஆற்காடு என்ற மாவட்டம் வரைபடத்திலிருந்து மறைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. படவியாபாரத்தில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. மாவட்டங்கள் எத்தனை முறை பிரிக்கப்பட்டாலும், பழைய எல்லைகளை வைத்தே நாங்கள் பேரேட்டை எழுதி வந்தோம்.

எம்ஜி என்பது மினிமம் கேரண்டி. இவ்வளவு தொகை கட்டாயம் தருகிறேன் என்று விநியோகஸ்தர் தயாரிப்பாளருக்குக் கட்டிவிடுவார். படம் ஓடாவிட்டால் நட்டம் முழுவதும் அவருடையது. அட்வான்ஸ் முறையிலோ, கொடுத்த முன்பணத்தைவிட வசூல் குறைந்தால் அந்தக் குறையைத் தயாரிப்பாளர் திருப்பித் தரவேண்டும், அல்லது அடுத்த படத்தில் கழித்துக்கொள்ளலாம். அந்த "அடுத்த படத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாக்கின்மேல் எத்தனை வீடுகள் அடமானத்தில் போயின என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாயகனின் சம்பளம் உயர்ந்த கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தச் சம்பளத்தின் சுமையை எம்ஜி என்ற பெயரில் தாங்கியவர்கள் சிறு நகரங்களின் விநியோகஸ்தர்களும், பிற்காலத்தில் அரங்க உரிமையாளர்களும்தான் என்பது என் கணிப்பு.

பிலிம் சுருள் இருந்த காலத்தில் இந்த வியாபாரத்துக்கு ஓர் உருவம் இருந்தது. அதன் பெயர் பெட்டி. தகரப் பெட்டியில் ரீல்கள் வரும், அதனோடு எங்கள் பிரதிநிதி ஒருவரும் போவார். வாசலில் கிழிக்கப்பட்ட அரை டிக்கெட்டுகளை எண்ணி, தரை டிக்கெட் எத்தனை, பெஞ்ச் எத்தனை என்று குறித்து, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, அன்றைய வசூல் அறிக்கையை இரவே தபாலில் சேர்ப்பது அவருடைய வேலை. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு அரங்குகளுக்கு ஒரே பிரதி என்றால், முதல் அரங்கில் ஓடி முடிந்த ரீலைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஒரு பையன் அடுத்த அரங்குக்குப் பறப்பான். சைக்கிள் பஞ்சரானால் அங்கே இடைவேளை நீளும்; இடைவேளை நீண்டால் முறுக்கும் கலரும் கூடுதலாக விற்கும். கேன்டீன்காரர் அந்தப் பையனுக்குக் காசு கொடுக்கிறாரோ என்று எங்கள் அலுவலகத்தில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வோம்.

சேலத்திலிருந்து ஓர் ஆசிரியர்: எங்கள் ஊரில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. பிறகு எல்லாம் கோடம்பாக்கம் போனது எப்படி? தெலுங்கும் மலையாளமும் அங்கிருந்து பிரிந்ததால் சென்னைக்கு என்ன இழப்பு?

தமிழ்த் திரைத்துறை சென்னையில் மட்டும் வளர்ந்ததல்ல என்பதை உங்கள் கேள்வியே நினைவூட்டுகிறது. தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் காட்டினார்; 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தர அரங்கைக் கட்டினார். 1930களில் அங்கே சென்ட்ரல் ஸ்டுடியோவும், சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்சும் தோன்றின. 1938-இல் வெளிவந்த முதல் மலையாளப் பேசும் படமான "பாலன்" மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்ததே. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில் நடத்திய ஸ்டுடியோ, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வடபழனிக்கு இடம் பெயர்ந்தது. ஜெமினி, வாகினி, ஏவிஎம் ஆகியவற்றின் தளங்களும், பிலிம் கழுவும் லேபுகளும், ஒலிப்பதிவுக் கூடங்களும் ஓரிடத்தில் கூடியபோது, நான்கு மொழிப் படங்களும் அங்கேயே எடுக்கப்பட்டன. காலையில் தெலுங்குப் படத்தில் வயலின் வாசித்தவர் மாலையில் கன்னடப் படத்துக்கு வாசித்தார்.

1970கள் வாக்கில் ஆந்திர அரசும் கேரள அரசும் தங்கள் மண்ணில் படமெடுக்கச் சலுகை அளித்தன. ஐதராபாத்தில் அன்னபூர்ணா, பிறகு 1996-இல் ராமோஜி ஃபிலிம் சிட்டி என்று தளங்கள் வந்தன. சென்னையில் இழப்பு ஸ்டுடியோக்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. வாகினி வளாகத்தில் மருத்துவமனையும், பிற்பாடு வணிக வளாகமும் எழுந்தன. ஜெமினி ஸ்டுடியோ போய்விட்டது, அதன் பெயர் ஒரு மேம்பாலத்தில் தங்கிவிட்டது. உங்கள் ஊரில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்சின் நுழைவு வளைவு மட்டும் நிற்பதைப் போல.

இதே காலத்தில் தமிழ்ப் படமும் தளத்தை விட்டு வெளியேறியது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1977-இல் "16 வயதினிலே" வெளியான பிறகு, கோபிசெட்டிபாளையமும் பொள்ளாச்சியும் படப்பிடிப்பு ஊர்களாயின. மாட்டு வண்டி வாடகை, வீட்டு வாடகை, விடுதி அறை, கூட்டத்தில் நிற்பவருக்கான நாள் கூலி என்று பணம் அங்கே இறங்கியது. அதைவிடப் பெரியது, செந்தமிழ் வசனத்தின் இடத்தில் மதுரைப் பேச்சும் கொங்குப் பேச்சும் திரையில் ஒலித்தது.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: படத் தலைப்பு தமிழில் இருந்தால் வரி விலக்கு என்றார்களே, அதனால் தமிழுக்கு உண்மையில் பயன் உண்டா?

2006-இல் அன்றைய தி.மு.க. அரசு இந்தக் கேளிக்கை வரிச் சலுகையை அறிவித்தது. ஒரே ஆண்டில் ஆங்கிலத் தலைப்புகள் மளமளவென்று தமிழாயின. "எம்டன் மகன்" என்று தொடங்கிய படம் "எம் மகன்" என்று வெளிவந்தது அப்போதுதான். 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பலின் பெயர் எம்டன். அந்த இரவுக்குப் பின் "அவன் பெரிய எம்டன்" என்று மக்கள் சொல்லத் தொடங்கி, அச்சொல் தமிழில் தொண்ணூறு ஆண்டுகள் புழங்கியிருந்தது. மக்கள் தமிழாக்கிக்கொண்ட ஒரு சொல்லை வரிச் சலுகைக்காக வெட்டவேண்டி வந்ததுதான் இதில் வேடிக்கை.

2011-இல் ஆட்சி மாறியதும், எல்லா வயதினரும் பார்க்கலாம் என்னும் யூ சான்றிதழ், தமிழ்ப் பண்பாடு என்று நிபந்தனைகள் கூடின. விலக்குப் பரிந்துரைக்கும் குழு ஒரு படத்தின் வரவுசெலவையே தீர்மானிக்கும் நிலை வந்தது. வரி விலக்கின் பலன் டிக்கெட் விலையில் பார்வையாளருக்குக் கிடைத்ததை நான் கண்டதில்லை. ஆனாலும் திட்டத்தை முழுக்கப் பழிக்க மாட்டேன்; சுவரொட்டியில் தமிழ் எழுத்து பெரிதாக வந்தது, அதுவும் ஒன்றுதானே.

மதுரையிலிருந்து ஒருவர்: திரைப்படம் இல்லாவிட்டால் தமிழ்நாட்டுக்கு இத்தனை முதலமைச்சர்கள் கிடைத்திருப்பார்களா?

அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்ற வரிசையை வைத்துக் கேட்கிறீர்கள். திரை அவர்களுக்கு மேடை தந்தது உண்மை. ஆனால் சிவாஜி கணேசன் 1989-இல் திருவையாற்றில் தோற்றார். அவரைவிட நன்கு அறியப்பட்ட முகம் எங்கள் டெல்டாவில் அப்போது வேறு இல்லை. ரசிகர் மன்றத்தைக் கிளைக் கழகமாக மாற்றும் ஆள்கட்டு யாரிடம் இருந்ததோ, அவருக்கே திரை வாக்காக மாறியது.

கோடம்பாக்கத்தில் பணிபுரியும் ஓர் உதவி ஒளிப்பதிவாளர்: வேலைநிறுத்தம் என்றால் எங்கள் வருமானம்தான் முதலில் நிற்கிறது. இத்துறையில் தொழிலாளியின் இடம் என்ன?

நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியின் கீழுள்ள சங்கங்கள் கால்ஷீட் நேரத்தையும் பேட்டாவையும் கூலியையும் வரையறுத்துக் காக்கின்றன. 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி நலநிதியும் ஏற்பட்டது. ஆனால் 2018-இல் டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் மார்ச் 1 முதல் புதுப்பட வெளியீட்டை நிறுத்தி, பின்னர் படப்பிடிப்பையும் நிறுத்தியபோது, ஒரு மாதத்துக்கு மேல் லைட்மேனுக்கும் தையற்காரருக்கும் புரொடக்ஷன் சமையற்காரருக்கும் நாள் கூலி இல்லை. அந்தப் பேச்சுவார்த்தையின் மையத்தில் அவர்கள் இல்லை. சங்கக் கணக்கில் சேராதவர்களும் உண்டு: போஸ்டர் ஒட்டுபவர், சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், ஃப்ளெக்ஸ் வந்ததும் தூரிகையைக் கீழே வைத்த பேனர் ஓவியர். அவர்களுக்கு எந்த நலநிதியும் எட்டவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி: தமிழ்நாட்டுப் படங்களால் எங்களுக்கு நன்மையா, தீமையா?

கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடந்தது. 1952-இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, தமிழ்நாட்டு வீடுகள் இலங்கை வானொலியைத் திருப்பின. எங்கள் பாட்டை எங்களுக்கே நெடுங்காலம் கொண்டுவந்து சேர்த்தவர்கள் உங்கள் அறிவிப்பாளர்கள். ஆனால் பெரிய தொழிலின் நிழலில் சிறிய தொழில் வளர்வது கடினம். "குத்துவிளக்கு" 1972-இலும் "பொன்மணி" 1977-இலும் உங்கள் மண்ணின் பேச்சோடு வந்தபோது, கோடம்பாக்கத்தின் பளபளப்புக்குப் பழகிய கண்களோடு அவை போட்டியிட வேண்டியிருந்தது. அந்த வகையில் நாங்கள் உங்களுக்குக் கடன்பட்டவர்கள் என்றே நினைக்கிறேன்.

நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி உரிமையாளர்: நண்பர் ஒருவர் சிறு முதலீட்டுப் படம் எடுக்கிறார். ஓடிடியில் விற்றுவிடலாம், இருபத்தைந்து லட்சம் போடுங்கள் என்கிறார். போடலாமா?

2020 மே மாதம் "பொன்மகள் வந்தாள்" திரையரங்குக்கு வராமல் நேரே இணையத்தில் வெளியானபோது, இனிச் சிறு படங்களுக்குக் கவலையில்லை என்று பலரும் பேசினார்கள். அந்த நிலை நீடிக்கவில்லை. அரங்கில் ஓடிய படத்தைத்தான் ஓடிடி நிறுவனங்கள் இப்போது விரும்பிக் கேட்கின்றன. எனவே கையெழுத்தான ஒப்பந்தம் இல்லாமல் ஓடிடி விலையை வரவில் எழுதாதீர்கள்.

படத்தின்மேல் ஏற்கெனவே யாருடைய கடன் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். பிலிம் காலத்தில் ஃபைனான்சியர் லேபிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்திருப்பார்; பாக்கி தீராமல் பிரதி வெளியே போகாது. இப்போது வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு அரங்கில் கூட்டம் உட்கார்ந்திருக்கும், டிஜிட்டல் படத்தைத் திறக்கும் மின்னணுச் சாவியான கீ மட்டும் வராது. ஃபைனான்சியரின் தடையில்லாக் கடிதத்துக்காகச் சென்னையில் எங்கோ ஓர் அலுவலகத்தில் நள்ளிரவிலிருந்து பேசிக்கொண்டிருப்பார்கள். உங்கள் இருபத்தைந்து லட்சம் அந்த வரிசையில் எத்தனையாவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாங்கும்வரை முன்பணமாகக்கூட எதையும் கொடுக்காதீர்கள்.