பத்து விதி ஒட்டினோம், ஒருவரும் பார்க்கவில்லை: பள்ளியில் வெயிலைச் சமாளிப்பது எப்படி?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். போன மார்ச்சில் ஆண்டுவிழா டிரில் ஒத்திகையின்போது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மயங்கி விழுந்துவிட்டாள். நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டாள். அப்புறம் ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்து பத்து வெயில் பாதுகாப்பு விதிகளை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். தொப்பி போட வேண்டும், தண்ணீர் பாட்டில் கொண்டுவர வேண்டும், வெயிலில் ஓடக் கூடாது, இப்படி. மூன்று வாரம்கூட அது நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் தொப்பி இல்லாத பிள்ளையை மைதானத்தில் விடமாட்டார்களாமே, நாமும் அப்படிக் கறாராக இருக்கலாமா ஐயா? பள்ளியில் பணம் பெரிதாக இல்லை.

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய பத்து விதிகளையும் படித்தேன். பத்தும் பிள்ளைகளுக்குப் போட்ட உத்தரவுதான். மணி அடிக்கிறவருக்கு, டைம்டேபிள் போடுகிறவருக்கு, டிரில் வாங்குகிறவருக்கு என்று ஒரு வரிகூட இல்லை. பதினொன்றரை மணிக்கு பி.டி. பீரியடை வைத்துவிட்டு 'வெயிலில் ஓடக் கூடாது' என்று எழுதினால் அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்? எந்த நேரத்து வெயில் பிள்ளை தலையில் விழ வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர்கள் நாம். விதியையும் நமக்கே போட்டுக்கொள்வோம்.

ஆஸ்திரேலியாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே 1981-லேயே விக்டோரியா மாநிலத்துப் புற்றுநோய் அமைப்பு 'சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியை வை' என்ற பொருளில் பெரிய விளம்பர இயக்கம் நடத்தியது. பள்ளிகளில் தொப்பி விதி வேரூன்றியது அந்தப் பழக்கத்தில்தான். காரணம், அங்கே பெரும்பாலோர் வெளிர் தோல்காரர்கள். தோல் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக வரும் நாடுகளில் அது ஒன்று. நம் பிள்ளைகளின் தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி அந்த ஆபத்தைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. நமக்கு முதல் பகை வெக்கை: உடம்பில் நீர் வற்றுவது, மயக்கம், முற்றினால் வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). அடுத்தது கண். புறஊதாக் கதிர் வருடக்கணக்கில் பட்டால் பிற்காலத்தில் கண்புரை வர அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, அங்கேயும் தொப்பி இல்லாத பிள்ளையை வகுப்பில் பூட்டுவதில்லை, நிழலில் விளையாடு என்று அனுப்புகிறார்கள். உங்கள் பள்ளியில் நிழல் எங்கே இருக்கிறது? அது இல்லாமல் தொப்பி விதியை மட்டும் கொண்டுவந்தால், தொப்பி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குத் தண்டனை கொடுத்த மாதிரிதான் முடியும்.

சரி, நேரத்துக்கு வருவோம். இதில்தான் பல பள்ளிகள் நல்லெண்ணத்தோடு தப்பு செய்கின்றன. வெயிலுக்கு ஒரு கடிகாரம், வெக்கைக்கு இன்னொரு கடிகாரம். மதுரைப் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது சரியாகப் பன்னிரண்டுக்கு அல்ல. மாதத்தைப் பொறுத்துப் பன்னிரண்டு மணியிலிருந்து பன்னிரண்டரைக்குள் வரும். புறஊதாக் கதிர் கடுமையாக இருப்பது அதை ஒட்டிய நேரத்தில். ஆனால் தரையும் சுவரும் சூடேறி, காற்று கொதிப்பது இரண்டரை, மூன்று மணிக்கு. 'உச்சி வெயில் போய்விட்டது' என்று மார்ச் மாதத்தில் மூன்று மணிக்குப் பிள்ளைகளை மைதானத்தில் விட்டால், கதிர் கொஞ்சம் தணிந்திருக்கும், ஆனால் வெக்கை உச்சத்தில் இருக்கும். உங்கள் ஒத்திகை எத்தனை மணிக்கு நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மதியம் இரண்டரைக்கு மேல் என்று நினைக்கிறேன்.

கதிரை அளக்கக் கருவி வேண்டாம், நிழல் போதும். பிள்ளையின் நிழல் அவள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை, நீளமாக இருந்தால் தணிவு. நம் ஊரில் மார்ச் முதல் செப்டம்பர் வரை சுமார் ஒன்பதரை மணியிலிருந்து மூன்றேகால் மணிவரை நிழல் குட்டைதான். டிசம்பரில்கூடப் பத்தேகால் முதல் இரண்டேகால் வரை குட்டைதான். மார்கழிக் குளிரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மைதான ஓரத்தில் தரைக்கு மேல் ஒரு மீட்டர் நிற்கும்படி ஒரு குச்சியை நட்டு, அதைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்தில் சுண்ணாம்பு வட்டம் போடுங்கள். நிழலின் நுனி வட்டத்துக்குள் இருக்கிறவரை வெட்டவெளியில் விளையாட்டு இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே பார்த்துச் சொல்லிவிடும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிப்பொழுதில் அந்தக் குச்சிக்கு நிழலே இருக்காது. அறிவியல் வகுப்புக்கு இலவசப் பாடம் அது. போனில் பார்க்கிறவர்களுக்குப் புறஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் யு.வி. குறியீடு உண்டு: 3-க்கு மேல் போனாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், 11-க்கு மேல் அதிதீவிரம். வானம் தெளிந்த மார்ச், ஏப்ரல் நாட்களில் நம் நண்பகல் 11-ஐத் தாண்டிவிடும்.

இரண்டு கடிகாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் டைம்டேபிள் தானாக விழும். ஜூன், ஜூலை, மார்ச், ஏப்ரல் மாதங்களில் பி.டி. பீரியட் காலை முதல் பீரியடுக்கு. நவம்பர் முதல் ஜனவரி வரை கடைசிப் பீரியட் போதும். எல்லா வகுப்புக்கும் காலையில் இடம் இருக்காது என்பது தெரியும். மிச்சம் விழுகிற வகுப்புகளுக்குக் கேரம், செஸ், யோகா, அல்லது மர நிழலில் கொக்கோ உட்கார்ந்து பழகும் பயிற்சி. ஒரு வகுப்பே எப்போதும் மாட்டிக்கொள்ளாமல் மாதம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் பாதி நேரம்தான் ஓட்டம். லீவில் வீட்டுக்குள் இருந்த உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும்.

மயங்கி விழுவதைப் பொறுத்தவரை, பிரேயரில் நிற்பதும் டிரில்லில் நிற்பதும் ஓடுவதைவிட மோசம். அசையாமல் அட்டென்ஷனில் நின்றால் ரத்தம் காலில் தேங்கி, தலைக்குப் போவது குறைந்துவிடும். வெயிலும் சேர்ந்தால் விழுந்துவிடுவார்கள். வயிறு காலியாக இருந்தால் இன்னும் சீக்கிரம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. ஆனால் அது ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரைக்கும்தான். உங்கள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் காலையில் டீயோடு வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஒத்திகைகளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, நடுவில் நிழலில் உட்கார வையுங்கள். 'தலை சுற்றுகிறது' என்று சொல்கிற பிள்ளையை யாரும் நடிக்கிறாள் என்று சொல்லக் கூடாது. இது மட்டும் விதியாக எழுத வேண்டியது, ஆசிரியர்களுக்கு.

அடுத்தது தண்ணீர். கேரளாவில் 2019-இல் 'வாட்டர் பெல்' வந்தது, 2025-இல் நம் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மணி அடிக்கிறது, பிள்ளைகள் குடிக்கிறார்களா என்றால் அது வேறு கதை. மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பன்னிரண்டே முக்கால் மணிக்குக் குழாயைத் திறந்து கையை நீட்டினேன், சட்டென்று இழுத்துக்கொண்டேன். மாடியில் கறுப்பு டேங்க், அதிலிருந்து வெயிலில் கிடக்கும் குழாய். அந்தத் தண்ணீரில் டீத்தூளைப் போட்டால் நிறம் இறங்கியிருக்கும். யார் குடிப்பார்கள்? டேங்குக்கு மேலே ஒரு தென்னங்கீற்றுக் கூரை போடுங்கள், குழாயைச் சாக்கு சுற்றி மூடுங்கள். வராந்தாவில் காற்று வருகிற பக்கம் குழாய் வைத்த மண்பானை இரண்டு வையுங்கள். மண்பாண்டத்துக்குப் பேர்போன மானாமதுரை நமக்கு எவ்வளவு தூரம்? பானையை மூலையில் ஒளித்து வைக்காதீர்கள். காற்று பட்டு வெளிச்சுவரில் ஈரம் ஆவியானால்தான் உள்ளே குளிரும். நம் வறண்ட வெயிலுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். மோர் வாரம் ஒருநாள் கிடைத்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் வெறும் தண்ணீரே போதும்.

இதைவிட முக்கியமான ஒன்று, எந்தச் சுற்றறிக்கையிலும் பெரிதாக வராது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் பலர் பள்ளியில் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. கழிவறைக்குப் போக வேண்டிவருமே என்ற பயம். கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, பீரியட் நடுவே 'போய்ட்டு வரேன் மிஸ்' என்று கேட்டால் முகம் சுளிக்காமல் விடுகிறார்களா? ஒரு பெண் ஆசிரியர் பத்துப் பிள்ளைகளிடம் தனியாகப் பேசினால் விஷயம் வந்துவிடும். நூறு ரூபாய்த் தாழ்ப்பாள் ஒன்று ஆயிரம் வாட்டர் பெல்லுக்குச் சமம் என்று நான் நினைக்கிறேன்.

நிழலுக்கு: தகரக் கொட்டகை கதிரைத் தடுக்கும், ஆனால் தகரமே அடுப்பாகி வெக்கையைக் கீழே இறக்கும். இருக்கிற தகரத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள் அல்லது கீற்று போடுங்கள். நர்சரிக்காரர்கள் கட்டும் பச்சை நிழல்வலை மலிவு. 50 சதவீத வலை பாதி வெயிலைத்தான் தடுக்கும் என்பதால் 75 அல்லது 90 கேட்டு வாங்குங்கள். மரம் வைப்பதாக இருந்தால் புங்கனும் வேம்பும். எந்தப் பக்கம் என்பதில் கவனம் வேண்டும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நம் ஊரில் உச்சி நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. ஆனால் பிற்பகல் வெயில் எப்போதும் மேற்கிலிருந்துதான் அடிக்கிறது. முதல் கன்றை விளையாடும் இடத்துக்கு மேற்கே நடுங்கள்.

நிழலில் இருக்கட்டும் என்பதற்காகப் பிள்ளைகளை நாள் முழுக்க வகுப்பறைக்குள்ளேயே அடைத்துவிடாதீர்கள். வெளி வெளிச்சத்தில் பொழுது கழிக்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. அதற்கு நேர் வெயில் தேவையில்லை, மரத்தடி வெளிச்சமே வகுப்பறை வெளிச்சத்தைப்போலப் பல மடங்கு.

தொப்பி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்னால் மட்டும் நீட்டிய கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் காப்பாற்றாது. சுற்றிலும் மூன்று, நான்கு விரல் அகலம் விளிம்பு வேண்டும். ஒருவர் தொப்பியை இன்னொருவர் போட்டால் பேன் பரவலாம், வீட்டில் சண்டை வரும். வீட்டில் இருக்கிற துண்டையோ துப்பட்டாவையோ முக்காடாகப் போட்டு வந்தாலும் சரி. நம் வயல்காட்டில் களை எடுக்கிறவர்கள் செய்வதுதான் அது. குடை நடந்து வரும் பிள்ளைக்கு நல்லது.

சன்ஸ்கிரீனை எல்லோருக்கும் என்று யோசிக்காதீர்கள், பணம் வீண். ஆனால் சில பிள்ளைகளுக்கு அது மருந்து. பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ள பிள்ளை உங்கள் பள்ளியில் இருந்தால், ஆஸ்திரேலிய விதி முழுவதும் அந்த ஒரு பிள்ளைக்குப் பொருந்தும்: முழுக்கை, அகல விளிம்புத் தொப்பி, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத களிம்பு, வெளியே போவதற்கு இருபது நிமிடம் முன் பூசி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. கண்ணும் கூசும், பார்வையும் மங்கல். ஜன்னலுக்கு எதிரே உட்கார வைக்காமல் கரும்பலகைக்கு அருகில் வையுங்கள். டிரில்லில் சேர்க்க முடியாவிட்டால் தனியே விடாமல் விசில், ஸ்கோர், மைக் என்று ஒரு பொறுப்பைக் கொடுங்கள். வெண்புள்ளி உள்ள பிள்ளைக்கு அந்த இடங்களை மட்டும் மறைத்தால் போதும். டாக்ஸிசைக்ளின் மாதிரிச் சில மாத்திரைகள் சாப்பிடுகிறபோதும் தோல் வெயிலில் சீக்கிரம் சிவக்கும், பெற்றோரைக் கேட்டு வையுங்கள்.

மயக்கம் வந்த அன்று: நிழலுக்குத் தூக்கி, படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஷூவையும் இறுக்கமான உடையையும் தளர்த்துங்கள். பெண் பிள்ளைக்குச் சுடிதாருக்கு மேலே போட்ட கோட்டை முதலில் கழற்றுங்கள். தெளிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் அல்லது ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல், பொட்டலத்தில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் கலந்து. ஆனால் உளறினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு. உடம்பின் உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாத வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

இனி அந்த நோட்டீஸ் போர்டு. பத்து விதியையும் கிழித்துவிட்டு, ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: குச்சி நிழலைப் பார்ப்பவர், பானை நிரப்புபவர், கழிவறைத் தாழ்ப்பாளைப் பார்ப்பவர், ஒத்திகையை நிறுத்தும் அதிகாரம் உள்ளவர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர், மாதக் கடைசியில் ஒரு கையெழுத்து. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தத் தாளை எடுத்து வையுங்கள், பெற்றோரில் தச்சரோ கொத்தனாரோ இருந்தால் கீற்றும் தாழ்ப்பாளும் அங்கேயே முடிந்துவிடும்.

தொப்பி வாங்க முந்நூறு ரூபாய் கிடைத்தால், உங்கள் பி.டி. சாருக்கு வாங்குங்கள். நாளெல்லாம் வெயிலில் நிற்கிறவர் அவர்தான், பிள்ளைகள் பார்த்துச் செய்வதும் அவரைத்தான்.