ரியாத்திலிருந்து அடுத்த நாட்டுக்கு: ஒரு நர்ஸின் தந்தைக்கு

ஐயா, வணக்கம்.

மகளின் மனதை மாற்ற ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ரியாத்தை விட்டு வேறு நாட்டுக்குப் போக வேண்டும் என்ற அவர் முடிவு சரிதான் என்பது என் கருத்து. "அடுத்த மாதமே ராஜினாமா" என்கிறாரே, அதைத்தான் மாற்றச் சொல்வேன்.

உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. சவுதியில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, தங்குமிடத்தை மருத்துவமனையே தருகிறது, வீட்டுக்கடன் தவணை தவறாமல் போகிறது. நாகர்கோவிலில் பேரனை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். ஆனால் இக்காமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி, வேலையோடு கட்டப்பட்டது. எத்தனை வருடம் வார்டில் நின்றாலும் வேலை முடிந்தால் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். அவருக்கு இப்போது 31 வயது, பையனுக்கு 4. இன்னும் பத்துப் பதினொரு வருடம் கழித்து இதையே யோசித்தால் பையன் பத்தாம் வகுப்பில் இருப்பான். அந்த வயதில் அவனைப் புது நாட்டுப் பள்ளியில் சேர்ப்பது மிகவும் கஷ்டம். தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்றால் இப்போது கிளம்புவதே நல்லது.

எந்த நாடு? முதலில் மொழியைப் பார்க்கச் சொல்லுங்கள், சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம். ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் பெற பொதுவாக பி2 நிலை (தயங்காமல் உரையாடும் அளவு) ஜெர்மன் வேண்டும். ஷிப்ட் வேலைக்கு நடுவே அடிப்படையிலிருந்து அதுவரை படிக்க ஒன்று, ஒன்றரை வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் படிப்பை அங்குள்ள மாநில அதிகாரிகள் ஒப்பிட்டுப் பார்த்து, குறை இருந்தால் தேர்வோ பயிற்சியோ சொல்வார்கள். அது முடியும்வரை உதவியாளர் சம்பளம்தான். முழுச் சம்பளம் வந்த பிறகும் வரி, காப்பீடு என்று சுமார் மூன்றில் ஒரு பங்கு பிடித்தம் போகும். இவ்வளவுக்கும் பலன், அங்கீகாரம் பெற்ற பணியாளராக மூன்று வருடம் இருந்தாலே நிரந்தர வதிவிடம் கேட்கலாம் என்பது.

அயர்லாந்தில் ஆங்கிலம் போதும். நர்சிங் வாரியம் சான்றிதழ்களைப் பரிசீலித்துக் கடிதம் தரும். பிறகு டப்ளினில் திறனறித் தேர்வு எழுதலாம், அல்லது மருத்துவமனையில் தகவமைப்புப் பயிற்சி எடுக்கலாம். பதிவு கிடைத்து கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பெர்மிட் (அங்கே தட்டுப்பாடான தொழில்களுக்கான வேலை அனுமதி) கைக்கு வந்தால் கணவனையும் பிள்ளையையும் வரவழைக்கலாம், கணவர் வேலையும் பார்க்கலாம். பிரிட்டனுக்கு ஓ.இ.டி. என்ற மருத்துவத் துறைக்கான ஆங்கிலத் தேர்வில் எழுத்தில் சி+, மற்ற மூன்றிலும் பி வேண்டும். ஆனால் ஐந்து வருடத்தில் கிடைத்துவந்த நிரந்தர வதிவிடத்தைப் பத்து வருடமாக்கும் திட்டத்தை அந்நாட்டு அரசு 2025 மே மாதம் முன்வைத்தது. குடும்பத்தோடு நிலைக்க நினைப்பவருக்கு இப்போதைக்கு நான் பிரிட்டனை முதலில் சொல்லமாட்டேன்.

ராஜினாமா விஷயத்துக்கு வருகிறேன். மகள் வேலைக்குச் சேர்ந்து நாலரை வருடம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சவுதி தொழிலாளர் சட்டப்படி, முதல் ஐந்து வருடத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. தானாக விலகினால் இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை அதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஐந்தைத் தாண்டிவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு. ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் வந்தால் முழுத் தொகையும் உண்டு. ஆகவே ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி என்ன என்று முதலில் பார்க்கட்டும். ஐந்து வருடம் முடிய இன்னும் ஆறு மாதம்தான், எப்படியும் மொழித் தேர்வுக்கும் பதிவுக்கும் அந்த மாதங்கள் தேவை. வேலையில் இருந்துகொண்டே விண்ணப்பிப்பதுதான் பலம். ஊரில் வந்து உட்கார்ந்துவிட்டால் பணி இடைவெளி விழும், பதிவு நேரத்தில் அது பற்றிக் கேள்வி வரும்.

ஃபைனல் எக்சிட் (சவுதியை விட்டு நிரந்தரமாக வெளியேறும் விசா) அடிக்கும் முன் சில காகிதங்களை அங்கேயே வாங்கிவிட வேண்டும். சவுதி சுகாதார வல்லுநர் ஆணையத்தின் நன்னடத்தைச் சான்று, எந்த வார்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதிய அனுபவச் சான்று, போலீஸ் சான்று. இக்காமா உயிரோடு இருக்கும்போது இவை எளிது. விமானம் ஏறிய பிறகு ஒவ்வொன்றுக்கும் யாரையாவது கெஞ்ச வேண்டிவரும். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதை நீங்களே இங்கே பார்த்துச் சொல்லலாம்.

ஏஜென்ட் யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். நர்ஸிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது பிரிட்டனின் விதி. ஜெர்மனியிலும் முறையான ஆள்சேர்ப்பில் செலவை வேலை கொடுப்பவரே ஏற்கிறார். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் விசாரியுங்கள்.

புது நாட்டில் முதல் வருடம் வீட்டுக்கு வரும் பணம் நிச்சயம் குறையும். குறைந்தது ஆறு மாதத் தவணையை இப்போதிருந்தே தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மருமகன் என்ன வேலை பார்க்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் எலக்ட்ரீஷியன் போன்ற தொழில் தெரிந்தவராக இருந்து, ஜெர்மன் படிக்கவும் தயார் என்றால் ஜெர்மனி நன்றாகப் பொருந்தும். கணக்கு, கணினி என்றால் அயர்லாந்து எளிது. அதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள், மகளோடும் ஒருமுறை நேரடியாகப் பேசுகிறேன்.