ஜார்ஜ்டவுனில் ஆர்ட்ஸ் சீட்: ஒரு அப்பாவுக்குப் பதில்

சார், உங்கள் பாப்பாவுக்கு அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் கிடைத்த ஆர்ட்ஸ் சீட் பற்றி நேற்று போனில் ஒரு மணி நேரம் பேசினோம், சுற்றிச் சுற்றி நீங்கள் கேட்டது இரண்டே கேள்விதான். ஆர்ட்ஸ் படிக்கவா அமெரிக்கா வரை இவ்வளவு செலவு? பாதிரியார்கள் காலேஜ் ஆச்சே, மதம் மாற்றிவிட மாட்டார்களா?

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். நம்ம லயோலாவை நடத்தும் அதே இயேசு சபையின் பல்கலைக்கழகம்தான் வாஷிங்டனில் இருக்கும் ஜார்ஜ்டவுனும். 1789-ல் ஜான் கரோல் என்ற பாதிரியார் அதைத் தொடங்கியபோதே எந்தச் சமயத்துப் பிள்ளைகளும் சேரலாம் என்றுதான் ஏற்பாடு. இறையியலும் தத்துவமும் தலா இரண்டு பாடம் எல்லோருக்கும் கட்டாயம், உண்மை. அது பரீட்சைக்கு, ஞானஸ்நானத்துக்கு இல்லை.

இப்போது ஆர்ட்ஸ். நம் ஊரில் ப்ளஸ் டூ முடித்த கையோடு எம்பிபிஎஸ் சேர்கிறார்கள், அதனால் மிச்சமானவர்களுக்கு ஆர்ட்ஸ் என்று நமக்கு ஒரு எண்ணம். அங்கே டாக்டராக வேண்டுமானாலும் வக்கீலாக வேண்டுமானாலும் முதலில் நான்கு வருட இளநிலைப் பட்டம் வேண்டும். ஜார்ஜ்டவுனிலும் முதலில் இருந்தது பாப்பா சேரப்போகும் இந்தக் கலை, அறிவியல் கல்லூரி மட்டும்தான், மருத்துவம் 1851-லும் சட்டம் 1870-லும் அதற்குப் பிறகு முளைத்தவை. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஆன்டனின் ஸ்காலியா அங்கே படித்த பாடம் வரலாறு! கணிதம், உயிரியல், கணினி அறிவியல் எல்லாமே இந்தக் கல்லூரிக்குள்தான் வருகின்றன. (பெண்களைச் சேர்க்க மட்டும் 1969 வரை யோசித்தார்கள்.)

சாமியார்கள் இடம் என்றால் எல்லாம் புனிதமாக இருக்கும் என்று வீட்டம்மா சொன்னார்களே, அதையும் அப்படியே நம்ப வேண்டாம். 1838-ல் இதே சபையினர் 272 அடிமைகளைக் குழந்தை குட்டிகளோடு லூசியானா தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள், அந்தப் பணத்தில் ஒரு பகுதி கல்லூரிக் கடனை அடைக்கப் போனது. விற்ற பாதிரியார் மல்லடியின் பெயரைத் தாங்கியிருந்த கட்டடத்துக்கு 2017-ல், விற்கப்பட்டவர்களில் ஒருவரான ஐசக் ஹாக்கின்ஸின் பெயரை வைத்தார்கள். பாப்பாவுக்கு இது தெரிந்திருக்கட்டும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு. இரண்டாம் வருடக் கடைசிக்குள் முதன்மைப் பாடத்தை முடிவு செய்யச் சொல்வார்கள். எந்தப் பாடமானாலும் படிப்பு முடிந்தபின் 12 மாதம் வேலை பார்க்க விசாவில் இடமுண்டு, கணிதம், கணினி மாதிரி அறிவியல் பாடம் என்றால் இன்னும் 24 மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், வரலாறு, ஆங்கிலம் என்றால் அந்த நீட்டிப்பு இல்லை. கடன் வாங்கிப் படிக்க வைப்பதாக இருந்தால் இந்த வித்தியாசம் பெரிது. உதவித்தொகைக் கடிதம் வந்திருந்தால் எனக்கு அனுப்புங்கள், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது பாப்பாவையும் பேச விடுங்கள், நேற்று முழுக்க நீங்கள்தான் பேசினீர்கள்.