தூக்கிவிடாதீர்கள்

வணக்கம் ஐயா,
என் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஏழு மாதம் ஆகிறது. இடது பக்கம் பலமில்லை. ஆறு மாதத்துக்குள் வந்தால்தான் உண்டு என்கிறார்கள், உண்மையா? ஒரு மூலிகை எண்ணெய் பற்றி வீடியோ பார்த்தேன், வாங்கலாமா? நானும் அண்ணனும் தினமும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நடத்துகிறோம். அவரை எதற்கும் கஷ்டப்பட விடுவதில்லை.

அன்புள்ள தம்பி,

முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை முன்னேற்றம் வேகமாகத் தெரியும். அப்புறம் வேகம் குறையும், நின்றுவிடாது. எண்ணெய் தோலுக்கு, பழுது மூளையில். அந்தப் பணத்தை பிசியோதெரபிஸ்ட்டுக்குக் கொடுங்கள்.

கோபம் வந்தது உங்கள் கடைசி இரண்டு வரிகளைப் படித்துத்தான். இத்தனை நாளும் நடந்தது நீங்கள் இருவர், அப்பா நடுவில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறார். பலமிழந்த பக்கத்தில் தோள்மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்திருக்கும். அங்கே கைகொடுத்துத் தூக்கினால் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி வந்துவிட்டால் பயிற்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

எங்கள் பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஆனது. மகன் ஓடி ஓடித் தூக்குவான். ஒருநாள் நல்ல கையால் அவன் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “விடுடா, நானே எந்திரிச்சுக்குவேன்.” அன்றைக்கு எழவில்லை, சொத்தென்று திரும்ப உட்கார்ந்தாள். மறுபடி முயன்றாள். பக்கத்தில் நின்ற பிசியோதெரபிஸ்ட் பெண் மகனைத்தான் முறைத்தாள், எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

எல்லாரும் நடையைப் பற்றியே கேட்கிறீர்கள். தானாக எழ முடியாதவர் நடக்கத் தெரிந்தும் என்ன, யாராவது வரும்வரை உட்கார்ந்தேதான் இருக்க வேண்டும். எழுவதற்கு இருக்கையின் விளிம்புக்கு நகர வேண்டும், பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும், மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிய வேண்டும். கவிழ்ந்துவிடுவோமோ என்று பயம் வருவது அங்கேதான். பயந்து பின்னால் சாய்ந்தால் எடை முழுவதும் நாற்காலியிலேயே தங்கிவிடும், எழவே முடியாது. நீங்கள் மேலிருந்து இழுக்கும்போது குனிய வேண்டிய அந்த வேலையைத்தான் அவரிடமிருந்து பிடுங்குகிறீர்கள். இன்னொன்று, இடது காலை முன்னால் நீட்டிவிட்டு வலது காலிலேயே எழப் பார்ப்பார், விடாதீர்கள். நீங்கள் இடது பக்கம் நில்லுங்கள், இடுப்பருகே கை தயாராக இருக்கட்டும், விழப்போனால் மட்டும் பிடியுங்கள்.

1950களின் இறுதியில் அமெரிக்காவில் பெத்ரோ பாக்-இ-ரீட்டா என்ற கவிஞர் 65 வயதில் பக்கவாதத்தில் விழுந்தார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ் அவரைக் குழந்தைபோலச் சுவரோரமாகத் தவழவிட்டான். பார்த்தவர்களுக்கு அது கொடுமையாகத் தெரிந்திருக்கும். அவர் எழுந்து நடந்து, திரும்பக் கற்பிக்கவும் போனார். சில வருடம் கழித்து இறந்தபோது பிரேதப் பரிசோதனையில் பார்த்தால், மூளையில் பெரும் சேதம் அப்படியே இருந்தது. பிழைத்த பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தன. நீங்கள் தூக்கிவிட்டால் அவை எதைக் கற்கும்?

அதற்காக நாளையே அவரைப் போட்டு வாட்டாதீர்கள், உங்களைப் போன்றவர்கள் அதையும் செய்வீர்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களின் களைப்பு சோம்பேறித்தனம் அல்ல. 2015இல் வெளியான அவெர்ட் ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி அதிகமாக நடமாட வைத்தவர்களுக்கு மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது பலன் குறைவாகத்தான் இருந்தது. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார், ஆனாலும் எத்தனை தடவை எழலாம் என்பதை அவரை நேரில் பார்த்த பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். நிற்கும்போது தலை சுற்றினால் உடனே உட்காரவையுங்கள்.

அப்பா உட்காருவது எதில்? உள்வாங்கும் சோபா என்றால் முதலில் அதை மாற்றுங்கள். கைப்பிடி உள்ள, கொஞ்சம் உயரமான, நகராத நாற்காலி வேண்டும். அளந்து எழுதுங்கள்.