தபால் பிரிவிலிருந்து தொடங்குங்கள்: அரசு அலுவலகப் பயிற்சி பற்றி மாணவர்கள் கேட்டவை

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தபோதும் சரி, பிறகும் சரி, கோடை விடுமுறை வந்தால் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் "ஐயா, அரசு அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?" என்று வந்து நிற்பார்கள். இந்த ஆண்டு கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். நான் அறிந்தது தமிழ்நாடும், கொஞ்சம் டெல்லியும். பதில்களும் அந்த எல்லைக்குள்தான்.

இளநிலைப் பொருளியல் படிக்கிறேன் ஐயா, இரண்டாம் ஆண்டு. எல்லோரும் நிதி ஆயோக் என்கிறார்கள். எனக்குக் கிடைக்குமா?

முயன்று பாருங்கள் அம்மா. நிதி ஆயோக் என்பது மத்திய அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்லும் அமைப்பு. விண்ணப்பம் மாதந்தோறும் 1ஆம் தேதி முதல் 10ஆம் தேதி வரைதான் திறந்திருக்கும். இளநிலை மாணவர் என்றால் இரண்டாம் ஆண்டுத் தேர்வை எழுதியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் 85 சதவீதம் இருக்க வேண்டும். பயிற்சிக் காலம் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை. ஊதியம் கிடையாது, மடிக்கணினியும் உங்களுடையதே. டெல்லியில் தங்கி உண்ணும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அதை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள் என்பேன். அங்கே ஒரு திட்டம் அட்டவணையாகவும் வரைபடமாகவும் உங்கள் முன் வரும். அதே திட்டம் ஒரு கிராம நிர்வாக அலுவலரின் மேசையில் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால், பிறகு அந்த அட்டவணையில் எந்தக் கட்டத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அறிவிப்பு எதுவும் இல்லை. அறிவிப்பு இல்லாமல் எப்படிக் கேட்பது?

கடிதம் எழுதித்தான். பெரும்பாலான மாவட்ட, வட்ட அலுவலகங்களில் மாணவர் பயிற்சிக்கென்று தனி அறிவிப்பு வராது. அலுவலகத் தலைவர் நினைத்தால் அனுமதி உண்டு, நினைக்காவிட்டால் இல்லை. அதனால் அவர் 'சரி' என்று சொல்வதை எளிதாக்க வேண்டியது உங்கள் வேலை.

ஒரே பக்கம் போதும். பெறுநர், பொருள், பார்வை என்று அவர்களுக்குப் பழகிய வடிவத்தில் எழுதுங்கள். பொருள் வரியிலேயே எத்தனை நாள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று வந்துவிட வேண்டும். "எந்தப் பணியும் செய்யத் தயார்" என்று எழுதாதீர்கள். அதைப் படிப்பவர், இந்தப் பிள்ளைக்கு நாம்தான் வேலை கண்டுபிடித்துத் தர வேண்டும் போலிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டு கடிதத்தை ஒதுக்கிவிடுவார். "திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பேன், மற்ற நாள்களில் மனுக்களைப் பொருள்வாரியாகப் பிரித்துக் கொடுப்பேன்" என்று எழுதினால் அவருக்கு உடனே ஓர் உருவம் கிடைக்கிறது. கல்லூரியின் சான்றுக் கடிதத்தை இணையுங்கள்.

மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போய்த் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அதைக் கொண்டுபோய்க் காட்டி, "இது எந்தப் பிரிவுக்குப் போயிருக்கிறது?" என்று கேளுங்கள். பயிற்சி கிடைக்கிறதோ இல்லையோ, முதல் பாடம் அங்கேயே நடந்துவிடும்.

பயிற்சி கிடைத்தது ஐயா. ஆனால் இரண்டு வாரமாக ஜெராக்ஸ் எடுப்பதும் கோப்பு தூக்குவதும்தான் வேலை. என்ன கற்றுக்கொள்வது?

தம்பி, தூக்குகிற கோப்பைத் திறந்து பார்த்தீர்களா? அனுமதி கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

ஒரு மனு உள்ளே வந்தால் தபால் பிரிவில் முத்திரை விழும். பிறகு உரிய பிரிவுக்குப் போகும். அங்கே எழுத்தர் தனக்கு வரும் தபால்களைப் பதியும் தன்பதிவேட்டில் ஏறி, 'ந.க. எண்' என்ற கோப்பு எண் ஒன்றைப் பெறும். அவர் குறிப்பு எழுதி மேலே வைப்பார்; அது படிப்படியாக ஏறி, கையெழுத்தாகி இறங்கி, வருவாய் ஆய்வாளருக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ அறிக்கை கேட்டுப் போகும். மனு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்று கோப்பில் உள்ள தேதிகளே சொல்லிவிடும். அரசு எப்படி இயங்குகிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

உங்களைப் போலவே சலித்துக்கொண்டு வந்த ஒரு வரலாற்று மாணவரைத் தபால் எழுத்தருக்கு அருகே உட்கார வைத்தேன். நாலாம் நாள் அவர் என்னிடம் வந்து, "ஐயா, ஒரே குடியிருப்பிலிருந்து பாதை கேட்டு ஐந்து மனு வந்திருக்கிறது, ஐந்துக்கும் வேறு வேறு எண்" என்றார். ஒவ்வொரு முறையும் புதிய மனு, புதிய எண், புதிய அறிக்கை கேட்பு. ஐந்தும் ஒரே பிரச்சினை என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அவர் ஒரு நீளத் தாளில் கோடு போட்டு, ஊர், பொருள், எண், தேதி என்று எழுதி ஐந்தையும் ஒரு கோப்பில் சேர்க்க வைத்தார். எழுத்தருக்கு ஒரே கோபம். இரண்டு நாள் அந்த மாணவருக்குத் தேநீர் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கித் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் பணம் இல்லை. ஊதியமில்லாத பயிற்சிக்குப் போகத்தான் வேண்டுமா? பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் சேரலாமா?

கடன் வாங்கிப் போக வேண்டியதில்லை. ஊதியமில்லாப் பயிற்சி, செலவைத் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்கே வழிவிடுகிறது என்பது என் நெடுநாள் மனக்குறை. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய அலுவலகமாகப் பாருங்கள். வாரம் இரண்டு நாள் என்று கேட்டாலும் ஒத்துக்கொள்ளும் அலுவலர்கள் இருக்கிறார்கள்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தின் பெயரைப் பார்த்து அரசு அலுவலகப் பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். அது பெருநிறுவனங்களில் நடப்பது. 2024இல் தொடங்கியபோது 21 முதல் 24 வயது வரையுள்ளவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அப்போது அதில் இடமில்லை.

பட்டம் பெற்ற பிறகு உதவித்தொகையோடு கற்க வழிகள் உண்டு. தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் (ஃபெலோஷிப்) 2022இல் தொடங்கியது, இரண்டு ஆண்டு. நாடாளுமன்ற, சட்டமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். நிறுவனம் 2010 முதல் நடத்தும் 'லாம்ப்' திட்டத்தில், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆய்வு உதவியாளராக மழைக்காலக் கூட்டத்தொடர் முதல் பட்ஜெட் கூட்டத்தொடர் வரை வேலை செய்யலாம். அதற்கு வயது வரம்பு 25. இரண்டிலும் போட்டி கடுமை. முன்பு ஏதேனும் ஓர் அலுவலகத்தில் மண்ணைத் தொட்டு வேலை பார்த்தவர் நேர்காணலில் பேசுவது தனியாகத் தெரியும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறேன். கூட்டுவதும் மரம் நடுவதும் தவிர வேறொன்றும் இல்லை. இதையும் பயிற்சி என்று சொல்லலாமா?

குறை திட்டத்தில் இல்லை, நடத்துகிற விதத்தில் இருக்கிறது. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது அது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். 240 மணி நேரம் என்பது முழுநாள் கணக்கில் ஒரு மாதம்! அதில் பாதியை ஒரே ஊரில், ஒரே பிரச்சினையில் செலவிட்டுப் பாருங்கள். முகாமுக்குப் போகும் ஊரின் குடிநீர்த் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது, பதிவேட்டில் என்ன தேதி இருக்கிறது, தொட்டியின் சுவரில் என்ன தேதி எழுதியிருக்கிறது என்று பார்க்கத் திட்ட அலுவலரிடம் கேளுங்கள். தடுக்கமாட்டார்.

கிராம சபைக்கு மாணவர்கள் போகலாமா? அங்கே என்ன செய்வது?

உங்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் விருந்தாளி இல்லை, உறுப்பினர். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பட்டியலில் பெயர் இல்லையா? 17 வயதிலேயே படிவம் 6ஐக் கொடுத்து வைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளில் எந்தத் தேதியில் 18 நிறைந்திருக்கிறதோ அதை வைத்துப் பெயர் ஏறும். வெளியூர்க்காரர் என்றால் தலைவரிடம் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்து பாருங்கள், பேசாதீர்கள்.

உறுப்பினர் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். கையெழுத்து எப்போது வாங்குகிறார்கள், தீர்மானம் எப்போது எழுதப்படுகிறது? வருகைக்கென்று முதலில் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எழுந்து, "எழுதிய தீர்மானங்களைக் கூட்டம் முடியும் முன் வாசித்துவிடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். வாசிப்பு சின்ன விஷயம் அன்று. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 டிசம்பரில் தொடங்கிய பொது விசாரணைகளில் செய்ததும் அதுதான். கூலிப் பதிவேட்டை ஊரார் முன் உரக்க வாசித்தார்கள். வேலையே செய்யாதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது அங்கேயே வெளிப்பட்டது. 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்தக் கூட்டங்களும் ஒரு வேர்.

பயிற்சி பெறும் அலுவலகத்திடமே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாமா?

சட்டம் தடுக்கவில்லை. குடிமகன் யாரும் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் உள்ளே உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தவர்களிடம், உள்ளே பார்த்ததை வைத்தே மனுப் போட்டால் அடுத்த ஆண்டு எந்த மாணவரையும் சேர்க்கமாட்டார்கள். முதலில் வாயால் கேளுங்கள். சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றைப் படியுங்கள். முறைகேட்டைக் கண்டால் கதை வேறு. அப்போது பேசாமல் இருக்க வேண்டாம், கல்லூரி வழிகாட்டியிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டு மனுப் போடுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. மனுக்களைப் படம் எடுக்காதீர்கள். ஒரு முறை என் பொறுப்பில் இருந்த மாணவி, முதியோர் உதவித்தொகை கேட்டு வந்த பாட்டியோடு எடுத்த படத்தை நல்ல எண்ணத்தில்தான் பகிர்ந்தார். பாட்டியின் கையில் ஆதார் எண்ணோடு மனு விரிந்திருந்தது. முதல் நாளே அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான், சொல்லவில்லை. இப்போது வருகிறவர்களுக்கு முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

சட்டம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு.

உங்களுக்குத்தான் வாசல் அதிகம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரக் கேளுங்கள். சட்ட மாணவர்களுக்கு இடம் உண்டு. மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாளில் காலையிலேயே போய் உட்காருங்கள்.

பணம் கட்டினால் 'மத்திய அரசு அங்கீகரித்த' சான்றிதழ் தருவதாக ஒருவர் சொல்கிறார். சேரலாமா?

வேண்டாம்.

என் மகன் குடிமைப் பணித் தேர்வு எழுதப்போகிறான். இந்தப் பயிற்சிக்கு மதிப்பெண் உண்டா?

இல்லை ஐயா. ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. தேர்வுக்காக என்றால் அந்த நாள்களில் அவர் படிக்கட்டும்.

பயிற்சி முடியும்போது என்ன கொடுத்துவிட்டு வர வேண்டும்?

கல்லூரிக்கு நாற்பது பக்க அறிக்கை தருவீர்கள், அது உங்கள் பாடு. அலுவலகத்துக்கு இரண்டு பக்கம் கொடுங்கள், தமிழில். எங்கே தாமதமாகிறது, எந்தப் படிவத்தில் மக்கள் தடுமாறுகிறார்கள், செலவில்லாமல் எதை மாற்றலாம் என்று மட்டும். வேளாண்மை படித்த ஒரு பெண், மனு எழுத வருகிறவர்களுக்குச் சர்வே எண் எங்கே பார்ப்பது என்று தெரியாததைக் கவனித்து, மாதிரிப் பட்டா ஒன்றில் அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அட்டையில் ஒட்டி வாசலில் தொங்கவிட்டுப் போனார். நான் ஓய்வு பெற்ற நாளில் அட்டையின் ஓரம் கிழிந்திருந்தது. புதிதாக ஒன்று செய்து மாட்டச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.