தலைப்பிரசவத்துக்கு வந்த மகள்

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நாங்கள் என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் பையில் தாய்-சேய் நல அட்டை, ஆதார், ஸ்கேன் அறிக்கைகள், வெயிலில் உலர்த்திய பருத்தித் துணிகள் ஆகியவற்றை இப்போதே வைத்துவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி குறித்துக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்ட வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும், சேனை வைப்பதாகச் சொல்லித் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாவில் தடவுவதும் கூடாது. உறவில் மூத்தவர்கள் வற்புறுத்தினால், இளம் தாயால் மறுத்துப் பேச இயலாது என்பதால், அந்தப் பொறுப்பை நீங்களே ஏற்க வேண்டும். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீரும் தேவையில்லை.

பத்தியம் என்ற பெயரில் பால் கொடுப்பவளுக்குத் தண்ணீரையும் காய்கறிகளையும் குறைப்பது பெரும் தவறு. கீரை, பருப்பு, முட்டை, மீன் என எல்லாவற்றையும் அவள் தாராளமாகச் சாப்பிடட்டும். குழந்தை உறங்கும்போது அவளும் உறங்க வேண்டும். பார்க்க வருவோரை அந்நேரத்தில் நீங்கள்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

என் கவலையெல்லாம் அவள் மனத்தைப் பற்றியதே. முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. அது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, குழந்தையிடம் ஒட்டுதல் இல்லாமல் இருந்தாலோ, கண்டிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். அதிக இரத்தப்போக்கு, காய்ச்சல், கடும் தலைவலி, வலிப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.